வான்கோழிக்குள் கிடந்த ஈயச் சன்னங்கள்

மகனுக்கு,

கல்யாணக் கார்டையும் கடிதத்தையும் நீ ஒரே உறைக்குள் வைத்து அனுப்பியிருந்தாய். கார்டை அம்மா சாமிப் படங்களுக்கு முன்னால் சாய்த்து வைத்துவிட்டாள். கடிதம் என்னிடம் இருக்கிறது. ஒன்பது வரிக் கடிதம். தொழிற்சாலையில் தேநீர் இடைவேளையில் எடுத்து வாசித்து வாசித்து மடிப்புக் கிழியத் தொடங்கிவிட்டது. "கலியாணத்துக்கு முதல் நடராசா அங்கிளிட்டை ஒரு மன்னிப்புக் கேளுங்கோ அப்பா. ஒரு சொல்லுப் போதும். அது ஏலாதெண்டால் நீங்கள் வராமல் விட்டாலும் எனக்கு விளங்கும்" என்று எழுதியிருக்கிறாய். வராமல் விட்டாலும் விளங்கும் என்று ஒரே மகன் தகப்பனுக்கு எழுதுகிறான். நல்லது. உனக்கு என்ன விளங்கியிருக்கிறது, என்ன விளங்கவில்லை என்பதை நான் எழுதுகிறேன். ஒன்பது வரியில் எழுத எனக்கு வராது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சுருக்கி எழுதுவது படித்தவர்கள் செய்கிற வேலை. ஆகையால் கதிரையில் ஆறுதலாக இருந்து இதை வாசி. சுகந்தி பக்கத்தில் இருந்தால் அவளும் வாசிக்கட்டும்.

முதலில் என் பக்கத்துக் குறையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல என்னால் முடியாது. இந்த நாட்டுக்கு நான் உன் அம்மாவின் படிப்பில் வந்தவன். தாதி வேலைக்கு ஆள் தேவை என்றுதான் எங்களுக்கு விசா கிடைத்தது. கொழும்பில் நேர்முகத்துக்குப் போனபோது அந்த அதிகாரி ஒரு மணித்தியாலம் அவளோடு கதைத்தான். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீங்களும் கூடப் போகிறீர்களோ?" என்று கேட்டான். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடையில் தொடங்கி, பிறகு சொந்தமாக இரும்பு கடைகிற லேத் ஒன்று போட்டு, எவரிடமும் பாடம் கேட்காமல் இயந்திரம் பழகியவன் நான். இங்கே சான்றிதழ் இல்லை என்று ஒரு வருடம் இரும்பின் ஓரத்தை அராவ விட்டார்கள். உன் வயதுப் பையன் ஒருவன் எனக்கு மேற்பார்வை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்களுடைய இயந்திரப் புத்தகங்களை வாசித்தேன். இன்றைக்கு அதே பையன் லேத் நின்றுபோனால் என்னைத் தேடி வருகிறான். ஆனால் நம்முடைய ஆட்கள்? தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் ஒலிபெருக்கி வேலை செய்யாவிட்டால், "அண்ணையைக் கூப்பிடுங்கோ." குழுவுக்கு ஆள் தெரிவு செய்யும்போது அண்ணை யார் என்றே தெரியாது. இதையெல்லாம் நான் விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன். விழுங்கிய ஆளுக்கு வயிறு எப்படி இருக்கும் என்று நீ யோசித்ததில்லை.

நடராசா ரயில்வே எஞ்சினியர். பட்டம் பெற்றவர். அவர் குடும்பத்தோடு நம் வீட்டுக்குப் கல்யாணப் பேச்சுக்கால் விஷயமாக வருகிறார் என்று தெரிந்தபோது எனக்குள் என்ன ஓடியிருக்கும் என்று இப்போது உனக்கு விளங்கும். அவர் மகள் சுகந்தியை உனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் உன்னைப் பிடித்திருந்தது. பெரியவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டு ஒரு சொல் சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி. அம்மா சொன்னாள், "நல்ல காரியம். மரக்கறி சமைப்பம். பருப்பும் கத்தரிக்காயும் பாயாசமும் போதும்." நான் கேட்கவில்லை. மெல்பேர்னில் எந்தத் தமிழ் வீட்டிலும் சாப்பிட முடியாத ஒன்றை நடராசாவுக்குப் போட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். காட்டு வான்கோழி.

லென்னை உனக்குத் தெரியும். என்னோடு பக்கத்து லேத்தில் நிற்கிறவன், இந்த நாட்டில் எனக்கு வாய்த்த ஒரே சிநேகிதன். மெல்பேர்னுக்கும் டாஸ்மேனியாவுக்கும் இடையில் கடலில் கிடக்கிற தீவொன்றில் அவனுடைய அண்ணனுக்குப் பண்ணை. முன்னொரு காலத்தில் யாரோ வளர்க்கக் கொண்டுபோன வான்கோழிகள் கைவிட்டுப்போய்ப் புல்வெளியெல்லாம் காட்டுப் பறவையாகத் திரிகின்றன. குளிர்காலத்தில் இரட்டைக்குழல் துவக்கால் சுடுவார்கள். ஒரு தோட்டாவுக்குள் மிளகு அளவில் ஏராளம் சன்னங்கள். அவை சிதறிப் பறவைக்குள் போய்த் தங்கிவிடும். லென் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தபோது இதைத்தான் சொல்லத் தொடங்கினான். "வெட்டுமுன் சன்னத்தை எடுக்க வேண்டும், அதற்கு ஒரு முறை இருக்கிறது" என்றான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். சிறு உருண்டைகளோடு நாற்பது வருடம் வேலை செய்தவனுக்கு உருண்டை எடுக்கப் படிப்பிக்க வேண்டாம் என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான்.

மிச்சத்தை நீயே கண்டாய். லேத்தடியில் இரும்புச் சீவல் பொறுக்குகிற பெரிய காந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, உரித்த பறவையின் நெஞ்சிலும் தொடையிலும் முதுகிலும் உரசினேன். என் வாழ்நாளில் என் கையில் உருண்ட சின்னக் குண்டெல்லாம் சைக்கிள் குண்டும் பெயாரிங் குண்டும்தான், எல்லாம் இரும்பு. மீன் வலையில் கட்டுகிற குண்டு ஈயம் என்று தெரிந்தவன்தான் நான். துவக்குக்குள் போவதும் ஈயமாக இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. நீ குசினி வாசலில் நின்று கேட்டாய்.

"அப்பா, தோலிலை இவ்வளவு ஓட்டை கிடக்கே. உள்ளை போனது எங்கை?"

"மற்றப் பக்கத்தாலை போயிருக்கும்."

"மற்றப் பக்கத்திலை ஓட்டையைக் காணேல்லையே."

"யூனிவர்சிட்டியிலை வான்கோழியும் படிப்பிக்கிறவையோ?"

நீ சிரித்துவிட்டுப் போனாய். நான் கனத்த கத்தியை எடுத்து, நம்முடைய வழக்கப்படி எலும்போடு சின்னச் சின்னத் துண்டாகக் கொத்தினேன். லென்னின் ஆட்கள் பறவையை முழுதாக வாட்டி, மெல்லிய துண்டாக அரிந்து, கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைத்துச் சாப்பிடுகிறார்கள். சன்னம் இருந்தால் அரிகிற கத்தியிலேயே தட்டும். நாம் எலும்பைக் கடைவாயில் வைத்து நொறுக்கிச் சாறு உறிஞ்சாவிட்டால் இறைச்சி சாப்பிட்டதாக நினைக்கிறதில்லை. கறுத்தக் கறிக்குள் எது எலும்பு, எது ஈயம் என்று எந்த நாக்குக்குத் தெரியும்? அதுவும் கத்தியால் கொத்தினால் ஓரிடத்தில் கிடந்த சன்னம் நாலு துண்டுக்குள் சிதறும். இவ்வளவும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அம்மா ஊரிலிருந்து தபாலில் வந்த தூளைப் போட்டு, சட்டி கொதித்தபோது, அந்த வாசத்துக்கு நீயே இரண்டு தரம் மூடியைத் திறந்து பார்த்தாய்.

சாப்பாட்டு மேசையில் நடந்ததை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் சுகந்திக்கு ஒரு பக்கம்தான் தெரியும், அதனால் எழுதுகிறேன். ஆறு பேர் இருந்தோம். நடராசா, அவருடைய மனைவி, சுகந்தி, நாங்கள் மூன்று பேர். காந்தம் பிடித்த கதையை நான் பெருமையாகச் சொன்னேன். ஒரு சன்னம்கூட இல்லை, பயமில்லாமல் கடியுங்கோ என்றேன். அம்மா சுகந்தியிடம், "பிள்ளை, நீ உருளைக்கிழங்கைப் போட்டுச் சாப்பிடு" என்று மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. நடராசாவுக்கும் அவள் குழம்பைத்தான் அள்ளி ஊற்றப் பார்த்தாள். அவர், "இஞ்சை, அந்தத் தொடையைப் போடுங்கோ, குழம்பைக் குடிக்கவோ வந்தனான்?" என்று சிரித்தார். நல்ல ரசனையோடு சாப்பிட்டார், அதை மறுக்க மாட்டேன். மூன்றாவது துண்டில் ஒரு சத்தம் கேட்டது. மேசையில் எல்லாருக்கும் கேட்டது. அவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டார்.

அவர் வாய் திறக்குமுன் நான் திறந்தேன். "கல்லாயிருக்கும். அரிசி சரியா அரிக்கேல்லைப் போலை" என்று அம்மா இருந்த பக்கம் சொன்னேன்.

அம்மா, "ஓம். நான்தான் கவனிக்கேல்லை" என்றாள்.

நடராசா உள்ளங்கையில் துப்பினார். சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன உருண்டையும் ஒரு துண்டுப் பல்லும். நீ எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது ஈயம்" என்றாய். அவர் அதை நகத்தால் அழுத்திப் பார்த்தார். வலியில்தான் சொன்னார் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். "அண்ணை, ஈயத்தைக் காந்தம் இழுக்காதெண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்" என்றார்.

எட்டாம் வகுப்பு. அவருக்கு என் படிப்புத் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் எழுந்து நின்றேன். "எட்டாம் வகுப்புப் படிச்சவன்ரை வீட்டிலை பெரிய மனிசர் சாப்பிடத் தேவையில்லை" என்றேன். அவர்கள் கை கழுவாமலே எழும்பிப் போனார்கள். பாயாசம் அப்படியே இருந்தது. சுகந்தி காரில் ஏறும்போது அழுதது எனக்குத் தெரியும். அவளிடம் அதைப் பற்றி நான் ஒருநாளும் கேட்கவில்லை.

பிறகு அவர்களுக்குச் சிட்னிக்கு மாற்றம் வந்தது. நீயும் ஒரு மாதத்துக்குள் அங்கே வேலை எடுத்துக்கொண்டு மெரிலேண்ட்ஸில் போய் இருந்துவிட்டாய். இங்கே கதை பரவியது. சங்கத்துப் பொங்கலில் ஒருவர் என்னிடம், "அண்ணை, வடையிலையும் காந்தம் பிடிச்சுப் பாத்தியளோ?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு வருடமாக நான் இந்தக் கோபத்தில் வாழ்ந்தேன். ஒன்றும் அறியாதவன் என்று என்னைச் சொல்லிவிட்டார்கள். தெரியாமல் ஒருவன் பிழை விட்டால் அதற்கு இவ்வளவு கேலியா, இதற்குப் போய் நான் மன்னிப்புக் கேட்பதா என்றுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. உன் கடிதம் வந்தபோதும் அந்தப் பதிலைத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. ஏனென்றால் அது பொய்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது.

அவர்கள் சாப்பிட வந்த ஞாயிறு காலை, சட்டி இறக்க முன்னம், உப்புப் பார்க்க ஒரு துண்டை வாயில் போட்டேன். கடைவாயில் ஏதோ பட்டது. எலும்பு நொறுங்கும், இரும்பு அசையாது. இது கொஞ்சம் அமுங்கியது. துப்பிப் பார்த்தேன். நகம் வைத்தேன், நகத்தின் அடையாளம் விழுந்தது. அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காந்தம் ஏன் ஒட்டவில்லை, உன் கேள்விக்கு என்ன பதில், லென் என்ன சொல்ல வந்தான், எல்லாம். கரண்டியால் கிளறினேன். இன்னும் இரண்டு கிடைத்தன. சட்டிக்குள் எத்தனை இருக்கும் என்று யோசித்துக்கொண்டு நின்றபோது வாசலில் கார் வந்து நின்றது. நான் கையில் இருந்ததைச் சிங்குக்குள் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். சட்டியை மூடினேன். கையைத் துடைத்துக்கொண்டு போய் நடராசாவை, "வாங்கோ, வாங்கோ" என்றேன்.

ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். "துவக்காலை சுட்டது, மெல்லக் கடியுங்கோ" என்று. அல்லது கறியை எடுத்து வைத்துவிட்டுப் பருப்போடு சாப்பாடு போட்டிருக்கலாம். வந்தவர்கள் சிரித்திருப்பார்கள், நல்லாய்ச் சிரித்துவிட்டுச் சாப்பிட்டிருப்பார்கள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் நான் மூடியைப் போட்டேன். நடராசா என்னை அறியாதவன் என்று சொன்னபோது, அவர் எனக்குப் பெரிய உபகாரம் செய்திருந்தார். அறிந்து செய்தவன் என்று அவருக்குத் தெரியாது. அந்த உபகாரத்தை வைத்துக்கொண்டே இரண்டு வருடம் அவரைத் திட்டினேன்.

இதை எழுத எனக்குத் துணிவு வந்தது போன சனிக்கிழமை. லென் இந்த வருடமும் ஒரு பறவையோடு வந்தான். போன வருடம் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த முறை அவன் கேட்காமலே கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தான். "உன் பெருமைக்கு உடைக்க இன்னும் பல்லு மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டான். நடராசாவின் பல் கதை அவனுக்கும் தெரியும். நான் அவனிடம், "எப்படி எடுக்கிறது என்று காட்டு" என்றேன். இந்த வயதுவரை ஒருவனிடமும் நான் அப்படிக் கேட்டதில்லை. அவன் ஆச்சரியப்படவில்லை. ஜன்னல் பக்கம் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து மேசையைத் தள்ளச் சொன்னான்.

வேறு தகப்பன்மார் மகனுடைய கல்யாணத்துக்கு வீடு வாங்கு, செலவைக் குறை என்று எழுதுவார்கள். நான் சன்னம் எடுக்கிற முறையை எழுதுகிறேன். உனக்கும் யாராவது ஒரு லென் வாய்ப்பான். முதலில் சுட்ட பறவையைச் சிறகு பிடுங்கி, குடல் எடுத்து, ஓர் இரவு உப்புத் தண்ணீரில் ஊறவிட வேண்டும். உறைந்த இரத்தம் கரைந்து போய், இறைச்சி வெளுத்து, சன்னம் போன வழி மட்டும் கறுப்பாகத் தெரியும். தோலில் ஓட்டை இருக்கிற இடமெல்லாம் விரல் நுனியால் அழுத்திப் பார். அவசரப்படாதே. ஒரு பக்கம் ஓட்டை இருந்து மற்றப் பக்கம் இல்லையென்றால் அது உள்ளே இருக்கிறது, வேறு எங்கேயும் போகவில்லை. நீ அன்று கேட்ட கேள்விதான் சரியான கேள்வி.

சன்னம் தனியாக உள்ளே போவதில்லை. போகும்போது சிறகுத் துணுக்கையும் இழுத்துக்கொண்டு போகும். ஓட்டைக்குள் ஒரு சின்ன மயிர்க்கற்றை மாதிரி அது தெரியும். சின்ன இடுக்கி மாதிரி இருக்கிற சாவணத்தால் அதைப் பிடித்து மெதுவாக இழுத்தால், பல நேரம் சன்னம் அதோடேயே வெளியே வரும். வராவிட்டால் அம்மாவின் பின்னல் ஊசியை அந்த வழியில் மெல்ல விடு. நுனி தட்டுகிற இடத்தில் கத்தி நுனியால் இறைச்சி ஓடுகிற போக்கிலேயே கீறி எடு. குறுக்கே வெட்டினால் வழி அழிந்துவிடும். எலும்பில் பட்டது தட்டையாகிக் கிடக்கும், சில துண்டாகவும் உடைந்திருக்கும், அங்கேதான் அதிக கவனம். அந்த இடத்து இறைச்சியைக் கொஞ்சம் கூடவே வெட்டி எறி, அதற்குக் கஞ்சத்தனம் பார்க்காதே. எல்லாம் எடுத்த பிறகுதான் எலும்போடு கொத்த வேண்டும். எடுத்ததை எனாமல் கோப்பைக்குள் போட்டோம். ஒவ்வொன்றும் விழும்போது ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு நன்றாக இருக்கவில்லை.

முடிந்தது என்று நான் கத்தியைக் கழுவப் போனேன். லென், "முடியவில்லை, கடைசி வேலை மேசையில் இருக்கிறது" என்றான். அவர்கள் வீட்டில் எவ்வளவு கவனமாக எடுத்தாலும், சாப்பிட உட்கார்ந்ததும் சமைத்த ஆள் எல்லாருக்கும் சொல்ல வேண்டுமாம், இது சுட்ட பறவை, பல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அதைச் சொல்லாமல் யாரும் முள்ளுக்கரண்டியைத் தொட மாட்டார்களாம். "எல்லாம் எடுத்தாயிற்று என்று எந்த மனிதனும் சொல்ல முடியாது. அதனால் நாங்கள் அப்படிச் சொல்வதில்லை" என்றான். இரண்டு வருடத்துக்கு முதல் நான் கையைக் காட்டி நிறுத்தாமல் விட்டிருந்தால் இதையும் அவன் அன்றே சொல்லியிருப்பான்.

அவன் போனபின் அம்மா வேலை முடிந்து வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். தேநீர் போடத் தண்ணீர் வைத்தாள். நான் அவள் முதுகுக்குச் சொன்னேன்.

"அண்டைக்குச் சட்டிக்குள்ளை சன்னம் கிடந்தது எனக்குத் தெரியும். நடராசா ஆக்கள் வரமுன்னமே தெரியும்."

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்கள் சிங்குக்குள்ளை போட்டுத் தண்ணி திறந்ததைக் கண்டனான். உடுப்பு மாத்திப்போட்டு வரேக்கை கண்டனான்."

"அப்ப ஏன் ஓமெண்டு சொன்னனீ? நான்தான் கவனிக்கேல்லை எண்டு ஏன் சொன்னனீ?"

"சபையிலை வைச்சு உங்களைப் பொய்காரனெண்டு சொல்லவோ? நான் ஓமெண்டால் நீங்கள் உடனை, இல்லை அவளில்லை நான்தான் எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சன்." கேத்தல் கொதித்தது. அவள் அதை இறக்கவில்லை. "சொல்லேல்லை. பின்னேரம் சொல்லுவியள் எண்டு நினைச்சன். பிறகு பெடியன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அண்டைக்குச் சொல்லுவியள் எண்டு நினைச்சன். பிறகு நினைக்கிறதை விட்டிட்டன்."

"இப்ப சொல்லிப்போட்டன்தானே."

"எனக்குச் சொல்லிப்போட்டியள். எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. அந்த மேசையிலை ஆறு பேர் இருந்தவை."

"அப்ப நடராசாவின்ரை காலிலை விழச் சொல்லுறியோ?"

"அவருக்குப் பல்லுக் கட்டியாச்சு. இந்த நாட்டுப் பைக்கற் அரிசியிலை ஒரு கல்லுக் கிடந்து நான் கண்டதில்லை. முப்பது வருசம் உலை வைச்சவளுக்கு அரிசி அரிக்கத் தெரியாதெண்டு நாலு பேருக்கு முன்னாலை சொன்னியளே, அதை ஆர் கட்டுறது?"

மகனே, நீ என்னிடம் கேட்டது பிழையான ஆளுக்கு மன்னிப்பு. எட்டாம் வகுப்பு என்று நடராசா சொன்னதை நான் மறக்கப்போவதில்லை. அது வேறு விஷயம், அதை வைத்து இதை மூடவும் போவதில்லை. அவருக்கு முன்னால் நான் தலை குனிய வேண்டியது பல்லுக்காக மட்டும் என்றால் இன்னும் பத்து வருடம் குனியாமல் இருந்திருப்பேன், என்னை உனக்குத் தெரியும். ஆனால் உன் அம்மா என் பொய்யைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டு, நான் திருப்பி வாங்குவேன் என்று இரண்டு வருடம் காத்திருந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே மேசையில். காலையில் எனக்குச் சோறு கட்டித் தந்துகொண்டு. அது எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். நீ போனது உன்னை அவமானப்படுத்தினேன் என்று. அவளுக்கு நடந்ததை நாங்கள் இரண்டு பேருமே பெரிதாக எடுக்கவில்லை.

நீ கல்யாணம் செய்கிறாய், ஆகையால் ஒன்று சொல்கிறேன், இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. சட்டிக்குள் என்ன கிடக்கிறது என்று உனக்குத் தெரிந்தால், சாப்பிட உட்காருமுன் சொல்லிவிடு. வேலை போனாலும், பிழை விட்டாலும், பயந்தாலும் சொல். சுகந்தி சிரிப்பாள், அல்லது கோபிப்பாள். இரண்டும் ஒரு நாளோடு போகும். அவள் உனக்காக ஓமென்று சொல்லித் தலையைக் குனிகிற நிலைக்கு அவளை விடாதே. நல்ல பெண்கள் அப்படிச் செய்துவிடுவார்கள். செய்தபின் நமக்கு அது தெரியவும் வராது.

நாங்கள் வருகிறோம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னம் பகல் ரயிலில் வருகிறோம். கல்யாணம் நடக்கிற லிட்கம் மண்டபத்தில் கூட்டத்துக்கு முன்னால் வேண்டாம், அது நாடகமாகிவிடும். கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் நடராசா வீட்டில் அந்த ஆறு பேரும் மேசையில் இருக்க ஒழுங்கு செய். வேறு யாரும் வேண்டாம். சாப்பாடு போடுமுன் நான் கதைப்பேன். நடந்ததை இந்தக் கடிதத்தில் எழுதியபடியே சொல்வேன். சட்டியை மூடியது நான், தெரிந்துகொண்டு மூடினேன், அரிசியில் கல் இருக்கவில்லை என்று சொல்வேன். நடராசாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன், அது என்னால் முடியும். நான் முடித்த பிறகு ஒருவரும் என் தோளில் தட்டக் கூடாது, பரவாயில்லை அண்ணை என்று சொல்லக் கூடாது. அதை நடராசாவுக்கு முதலே சொல்லி வை.

இன்னொரு வேலையும் உனக்கு இருக்கிறது. நான் கதைக்கிற நேரம் நீ என்னைப் பார்க்க வேண்டாம், அம்மாவைப் பார். அன்றைக்கு அவள் ஓமென்று சொன்னபோது நான் என் கோப்பைச் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இந்த முறையும் அந்தப் பக்கம் திரும்ப எனக்குத் துணிவு வருமோ என்று நிச்சயமில்லை. எப்படி இருந்தது என்று நீ எனக்குப் பிறகு சொல்லு.

அப்பா